நாற்பது பேருக்கு ஓர் இஸ்திரிப் பெட்டி

சனி

இருட்டிய பிறகுதான் இளைஞர் பரிமாற்ற முகாம் நடக்கும் விடுதிக்கு வந்து சேர்ந்தோம். ஊரை விட்டுத் தள்ளி, மரங்களுக்கு நடுவே ஒரு மாடிக் கட்டடம். கீழே சமையலறையும் சாப்பாட்டுக் கூடமும், மேலே அடுக்குக் கட்டில் போட்ட அறைகள். எட்டு நாடுகளிலிருந்து, குழுத் தலைவரோடு சேர்த்து நாட்டுக்கு ஐந்து பேர். எங்கள் ஐவருக்கும் தலைவர் அக்கா. இதற்கு முன்பும் இப்படிப்பட்ட முகாம்களுக்கு வந்து பழகியவர்.

"இளைஞர் பரிமாற்றம்" என்றதும் பலர் இதை மாநாடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். மேடை, மாலை, சொற்பொழிவு எதுவும் இங்கே கிடையாது. பல நாட்டு இளைஞர்கள் ஒரே கூரையின் கீழ் தங்கி, ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, தாங்களே சமைத்து, தாங்களே நிகழ்ச்சிகளை நடத்திக் கற்றுக்கொள்வதுதான் இதன் வடிவம். ஐரோப்பாவில், ஐரோப்பிய ஒன்றியத்தின் கல்வி, இளைஞர் திட்டமான எராஸ்மஸ் பிளஸ்ஸின் கீழ் இவை ஏராளமாக நடக்கின்றன. அங்கே 13 முதல் 30 வயது வரை உள்ளவர்கள் கலந்துகொள்ளலாம், 5 முதல் 21 நாள் வரை நடக்கும். எங்கள் முகாமும் கிட்டத்தட்ட அந்த அமைப்பில்தான். எடுத்துக்கொண்ட பொருள், பொறுப்பான நுகர்வு.

கிளம்பும் முன்பே ஒரு கடிதம் வந்திருந்தது. புதிதாகப் பரிசுப் பொருள் எதுவும் வாங்கி வர வேண்டாம், குடிநீர் பாட்டில் கொண்டு வாருங்கள், பழைய சட்டை ஒன்றும் பழுதான பொருள் ஒன்றும் எடுத்து வாருங்கள் என்று. வந்திறங்கியதும் வழக்கமாகத் தரும் துணிப்பை, டீ-ஷர்ட், பேனா எதுவும் தரவில்லை. அக்காவிடம் கேட்டேன். "துணிப்பை உன்கிட்ட ஏற்கெனவே எத்தனை இருக்கு?" என்று திருப்பிக் கேட்டார்.

அவர் கேட்டதில் அர்த்தம் இருக்கிறது. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. கடையில் தரும் சாதாரண பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமானால் மற்றப் பைகளை எத்தனை தடவை பயன்படுத்த வேண்டும் என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். பருவநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தால் பருத்திப் பைக்கு 52 தடவை. மற்ற எல்லா வகைச் சுற்றுச்சூழல் பாதிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 தடவை. தூக்கி எறிந்த பிளாஸ்டிக் நிலத்திலும் கடலிலும் செய்யும் கேட்டை அந்தக் கணக்கு சேர்க்கவில்லை, அதனால் இதை வைத்து பிளாஸ்டிக் பையே மேல் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு துணிப்பை அச்சடித்துக் கொடுப்பது பொறுப்பான காரியம் இல்லை என்பது மட்டும் உறுதி.

ஞாயிறு

காலை முழுக்கப் பெயர் விளையாட்டு. பந்தைத் தூக்கிப் போட்டு எதிரில் இருப்பவர் பெயரைச் சொல்ல வேண்டும். நாக்கு புரளாத பெயர்கள் பல. இரண்டாவது சுற்றுக்குப் பிறகு யாருக்கும் கூச்சம் இல்லை.

அப்புறம் ஒரு நீளமான தாளைச் சுவரில் ஒட்டி, எப்படிச் சேர்ந்து வாழப் போகிறோம் என்று எழுதினோம். இரவு பதினொன்றுக்கு மேல் சத்தம் கூடாது. ஒருவர் பேசி முடித்த பிறகே அடுத்தவர். ஆங்கிலம் தடுமாறுகிறவருக்கு நேரம் கொடுக்க வேண்டும். பக்கத்திலேயே வேலைப் பட்டியல்: சமையல், பாத்திரம், கழிவறை, கூடம் பெருக்குவது. ஒவ்வொரு வேலைக்கும் வெவ்வேறு நாட்டுக்காரர்கள் கலந்த குழு.

எனக்கு மிகவும் பிடித்தது கூடத்தின் மூலையில் போட்டிருந்த பொது மேசை. ஓர் இஸ்திரிப் பெட்டி, ஒரு ஹேர் டிரையர், ஊசி நூல், பெரிய பாட்டிலில் ஷாம்பூ, விதவிதமான சார்ஜர்கள், குடைகள். யாருக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொண்டு, திரும்ப வைக்க வேண்டும். வரும் முன் நாற்பது பேருக்கு ஓர் இஸ்திரிப் பெட்டி எப்படிப் போதும் என்று நினைத்திருந்தேன். இன்று மாலை வரை அதை இரண்டு பேர்தான் எடுத்தார்கள். இந்த நாற்பது பேரின் வீடுகளிலும் நாற்பது பெட்டிகள் இந்த நேரத்தில் சும்மா இருக்கின்றன. குறைவாக வாழ்வது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு எதையோ இழப்பது என்று எனக்குள் ஓர் எண்ணம் இருந்தது. இங்கே யாரும் எதையும் இழந்த மாதிரி தெரியவில்லை. பொருள் ஒரு பொது இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

திங்கள்

இன்று சமையல் எங்கள் குழு. விடுதியின் சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா எங்களுக்கு வழிகாட்டி. மொழி தெரியாவிட்டாலும் கையாலேயே எல்லாம் சொல்லிவிடுகிறார். எவ்வளவு வெட்ட வேண்டும், எவ்வளவு போதும், எதன் தோலைச் சீவ வேண்டியதே இல்லை.

சாப்பிட்ட தட்டில் மிஞ்சியதை ஒரு வாளியில் போட்டு, ஒவ்வொரு வேளையும் எடை போட்டுப் பலகையில் எழுதுவது முகாமின் ஏற்பாடு. நேற்று மதியம் வாளி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. பலகையைப் பார்த்து எல்லோருக்கும் வருத்தம்தான். ஆனாலும் நேற்று இரவும் அதே அளவு மிஞ்சியது.

இன்று அந்த அம்மா யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை. பெரிய தட்டுகளை அடுக்கி உள்ளே வைத்துவிட்டுச் சின்னத் தட்டுகளை வெளியே எடுத்தார். குழிக் கரண்டியை மாற்றினார். எல்லாவற்றையும் ஒரே தடவையில் மேசைக்கு அனுப்பாமல் பாதியை அடுப்படியிலேயே நிறுத்திக்கொண்டார். யாரும் பசியோடு எழவில்லை, இரண்டாம் தடவை வந்து வாங்கிக்கொண்டவர்கள் நிறைய. வாளியின் அடி மட்டும்தான் நனைந்திருந்தது. பரிமாறாமல் நின்றதை இரவுச் சாப்பாட்டில் சேர்த்தோம். தட்டில் விழுந்த பிறகு அது எச்சில், பாத்திரத்தில் இருக்கும்வரை உணவு. இந்த வித்தியாசத்தில்தான் பெரும்பகுதி வீணாவது தடுக்கப்படுகிறது.

பிற்பகல் அமர்வும் உணவைப் பற்றித்தான். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை சொல்வது: 2022-ல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன். கடைக்கும் உணவகத்துக்கும் வீட்டுக்கும் வந்து சேர்ந்த உணவில் அது 19 விழுக்காடு. இதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணாகிறது. அதே காலத்தில் 78 கோடிப் பேர் பசியோடு இருந்தார்கள். ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகள் 17-ல் பன்னிரண்டாவது பொறுப்பான நுகர்வும் உற்பத்தியும். கடை, வீட்டு மட்டத்தில் வீணாகும் உணவை 2030-க்குள் தலைக்குப் பாதியாகக் குறைப்பது அதில் ஒரு பகுதி.

உணவை வீணாக்குவது பணக்கார நாடுகளின் பழக்கம் என்றுதான் எங்களில் பலர் நினைத்திருந்தோம். அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. அதிக வருமானமுள்ள நாடுகளுக்கும் நடுத்தர வருமான நாடுகளுக்கும் இடையே வீட்டில் வீணாவதில் வித்தியாசம் ஆண்டுக்குத் தலைக்கு 7 கிலோதான். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் கெட்டுப் போகிறது, பெரிய குளிர்ப்பெட்டி இருக்கும் வீட்டில் மறந்து போகிறது. காரணம் வேறு என்பதால் தீர்வும் வேறாகத்தான் இருக்க முடியும்.

செவ்வாய்

தண்ணீர் நாள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொருளின் படத்தைக் கொடுத்து, அதை உருவாக்க ஆகும் தண்ணீரின் வரிசைப்படி நிற்கச் சொன்னார்கள். ஒரு கோப்பை காபிக்குச் சுமார் 130 லிட்டர். 250 கிராம் பருத்திச் சட்டைக்கு 2,500 லிட்டர். ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு 15,400 லிட்டர். இந்த "நீர்த் தடம்" கணக்கை 2002-ல் முன்வைத்தவர் நெதர்லாந்தின் ஆர்ஜென் ஹூக்ஸ்ட்ரா. எல்லாம் உலகச் சராசரிகள்.

விளையாட்டு நன்றாக இருந்தது. ஆனால் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு நகர்வது எனக்குப் போதவில்லை. மழை நிறையப் பெய்யும் இடத்தில் வானத்திலிருந்து விழும் 2,500 லிட்டரும், வறண்ட இடத்தில் ஆற்றைத் திருப்பி எடுக்கும் 2,500 லிட்டரும் ஒன்றல்ல. உஸ்பெகிஸ்தானிலிருந்து வந்தவர் இதைத்தான் சொன்னார். பருத்திக்காக 1960-களிலிருந்து இரண்டு பெரிய ஆறுகளின் தண்ணீரைத் திருப்பியதில் ஆரல் கடல் வற்றியது. மீன்பிடித் துறைமுகமாக இருந்த மொய்னாக் ஊரில் இன்று கப்பல்கள் மணலில் நிற்கின்றன. அவர் போனில் படங்களைக் காட்டியபோது வரிசையில் நின்றவர்கள் எல்லாம் அவரைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஒருங்கிணைப்பாளரும் அடுத்த விளையாட்டை விட்டுவிட்டு அவரைப் பேச விட்டார். அதுதான் சரி.

புதன்

இன்று எழுத நிறைய இருக்கிறது. ஒவ்வொருவரும் தன் சட்டைக் கழுத்தில் இருக்கும் லேபிளைப் பார்த்து, சுவரில் இருந்த உலக வரைபடத்தில் ஊசி குத்த வேண்டும். எட்டு நாட்டுக்காரர்களின் சட்டைகள், ஆனால் ஊசிகள் சில இடங்களில் மட்டும் நெருக்கியடித்து நின்றன. வங்கதேசம், சீனா, வியட்நாம், துருக்கி. அந்த லேபிள் சொல்வதும் தைத்த நாட்டை மட்டும்தான். பஞ்சு எங்கே விளைந்தது, நூல் எங்கே நூற்கப்பட்டது, சாயம் எந்த ஆற்றங்கரையில் ஏறியது என்று எதுவும் அதில் இல்லை.

வங்கதேசத்துக் குழுவில் ஒரு பெண் இருக்கிறாள். அதிகம் பேச மாட்டாள். அவள் அம்மா ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம். ராணா பிளாசாவைப் பற்றி அவள்தான் சொன்னாள். டாக்காவுக்கு அருகே சவாரில் இருந்த எட்டு மாடிக் கட்டடம். 2013 ஏப்ரல் 23-ல் சுவர்களில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேலே இருந்த ஆடைத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரச் சொன்னார்கள். 24-ஆம் தேதி கட்டடம் இடிந்தது, 1,134 பேர் இறந்தார்கள். வங்கி ஊழியர் வீட்டில் இருக்கலாம், தையல் தொழிலாளி இருக்க முடியாது. இறந்தவர்களின் எண்ணிக்கையை விட இதுதான் என்னை அதிகம் உலுக்கியது.

"அப்படியானால் அங்கே தைத்த துணியை வாங்காமல் இருக்கலாமா?" என்று ஒருவர் கேட்டார். நல்ல மனதோடு கேட்ட கேள்விதான். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். ஆர்டர் நின்றால் முதலில் வேலை போவது அந்தப் பெண்களுக்குத்தான் என்றாள். நிலைமையை மாற்றியது எது என்றும் சொன்னாள். விபத்துக்கு அடுத்த மாதமே தொழிற்சங்கங்களும் ஆடை நிறுவனங்களும் ஓர் ஒப்பந்தம் போட்டன, 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பின்னர் அதில் சேர்ந்தன. அது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம், வெறும் வாக்குறுதி இல்லை. 1,600-க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளைப் பொறியாளர்கள் சோதித்தார்கள். வெளியே போகும் கதவுகளில் பூட்டு இருக்கக் கூடாது என்றார்கள், தூண்களைப் பலப்படுத்தச் சொன்னார்கள். சட்டை வாங்குகிறவர் கடையில் நின்றுகொண்டு ஒரு தூணின் பலத்தைத் தெரிந்துகொள்ள முடியாது. அதைச் சோதித்துச் சொல்ல ஆள் வேண்டும், மீறினால் கேட்கச் சட்டம் வேண்டும்.

பிற்பகலில் கானா நாட்டு நண்பர் பேசினார். அக்ராவில் கண்டமான்டோ என்று ஒரு பெரிய சந்தை. பணக்கார நாடுகளில் தானமாகக் கொடுத்த பழைய துணிகள் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்குகின்றன. வியாபாரிகள் கட்டிய மூட்டையைப் பிரிக்காமலேயே விலை கொடுத்து வாங்குகிறார்கள். பிரித்தால் நல்ல துணியும் இருக்கலாம், கறையும் கிழிசலுமாகவும் இருக்கலாம். விற்காதது குப்பையாகி ஓடைகளிலும் கடற்கரையிலும் சேர்கிறது. அந்த நஷ்டத்தைச் சுமப்பவர் பெரும்பாலும் கடன் வாங்கி மூட்டை எடுத்த ஒரு பெண். ஆனால் அந்தச் சந்தையைக் குப்பைமேடு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கிழிந்ததைத் தைத்து, சாயம் போட்டு, அளவு மாற்றி மறுபடி விற்கும் ஆயிரக்கணக்கான கைகள் அங்கே இருக்கின்றன. 2025 ஜனவரி தொடக்கத்தில் பெரிய தீ விபத்து நடந்து சந்தையின் பெரும்பகுதி எரிந்தது. மறுபடி கட்டத் தொடங்கியவர்களும் அவர்கள்தான் என்றார்.

மாலையில் எல்லோரும் கொண்டு வந்திருந்த பழைய சட்டைகளை மேசையில் பரப்பி, வேண்டியதை மாற்றிக்கொண்டோம். எனக்கு நீலக் கட்டம் போட்ட ஒரு சட்டை. பித்தான் ஒன்று இல்லை, பொது மேசையின் ஊசி நூலால் தைத்துக்கொண்டேன்.

வியாழன்

பழுது பார்க்கும் நாள். ஊரிலிருந்து மூன்று பெரியவர்கள் கருவிப் பெட்டியோடு வந்தார்கள். எங்களுக்காகச் சரிசெய்து தர மாட்டார்கள், நாம் செய்யும்போது பக்கத்தில் இருப்பார்கள். மார்டினே போஸ்ட்மா என்ற பத்திரிகையாளர் 2009 அக்டோபர் 18-ல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய "ரிப்பேர் கஃபே" முறை இது. இன்று உலகெங்கும் 2,000-க்கும் மேல் இருக்கின்றன.

நான் கொண்டு போனது ஓடாத மேசை மின்விசிறி. திறந்தால் ஒரு கம்பி விட்டுப் போயிருந்தது. சால்டரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார் ஒரு தாத்தா. முதலில் கம்பியைச் சூடாக்கு, ஈயம் தானாக ஓடி வரும் என்று கையைப் பிடித்துக் காட்டினார். விசிறி சுற்றியபோது பக்கத்து மேசைக்காரர்களும் கை தட்டினார்கள்.

எல்லாமே அப்படி முடியவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் கொண்டு வந்த இயர்போனைத் திறக்கவே வழியில்லை. பசை போட்டு ஒட்டியிருக்கிறது, பேட்டரி செத்தால் பொருளே செத்தது. அதைச் செய்தவர்கள் அப்படித்தான் முடிவு செய்திருக்கிறார்கள். இது இன்று நேற்று வந்த யோசனையும் இல்லை. 1924-ல் பெரிய பல்பு நிறுவனங்கள் ஜெனீவாவில் கூடி, பல்பின் ஆயுளை 1,000 மணி நேரம் என்று வைத்துக்கொண்டன. அதைவிட நீண்ட நேரம் எரியும் பல்பைச் செய்த நிறுவனத்துக்கு அபராதம். ஃபீபஸ் கூட்டணி என்று அதற்குப் பெயர்.

எதிர்த் திசையிலும் சில நகர்வுகள் நடக்கின்றன. பிரான்சில் 2021 ஜனவரியில், போன், மடிக்கணினி, டிவி போன்றவற்றை விற்கும்போது, அதைப் பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்று 10-க்கு மதிப்பெண் போட்டுக் காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரி முதல், கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று விதி செய்திருக்கிறது, சில விலக்குகளோடு. உலகம் 2022-ல் 6.2 கோடி டன் மின்னணுக் குப்பையை உருவாக்கியது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 விழுக்காடுதான். இந்த இடைவெளியைத் தாத்தாக்களின் கருவிப் பெட்டியால் மட்டும் நிரப்ப முடியாது.

வெள்ளி

எல்லோருக்கும் களைப்பு. மழை வேறு. காலையில் முகாமின் குப்பையைப் பிரித்துப் பார்த்ததோடு சரி. பிளாஸ்டிக்கின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண், அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டும் சொல்கிறது. மறுசுழற்சி செய்வார்கள் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. 2015 வரை உலகம் உருவாக்கிய பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது 9 விழுக்காடு என்று 2017-ல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. பிற்பகல் தூங்கினேன்.

சனி

இன்று முகாமே சூடாகிவிட்டது. "நாம் பெரும்பாலோர் விமானத்தில்தானே வந்தோம், அதைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை?" என்று காலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசும்போது ஒரு பெண் கேட்டாள். கூடம் கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது.

கேள்வி நியாயமானது. ஒரு நெடுந்தூர விமானப் பயணத்தின் கரியுமிழ்வை, இங்கே கழுவிய சின்னத் தட்டுகள் ஈடுகட்டாது. உலகின் கரியமில வாயுவில் விமானப் போக்குவரத்தின் பங்கு சுமார் 2.5 விழுக்காடு. ஆனால் 2018-ல் விமானத்தில் பறந்தவர்கள் உலக மக்களில் 11 விழுக்காட்டினர் என்று ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. அந்தச் சிறு கூட்டத்தில் நாங்களும் இருக்கிறோம்.

அப்படியானால் சந்திக்கவே கூடாதா? வங்கதேசத்துப் பெண்ணும் உஸ்பெக் நண்பரும் இங்கே வராமல், அவர்கள் சொன்னதை நான் திரையில் படித்திருந்தால் இப்படிப் பதிந்திருக்காது என்று சொன்னேன். அது உண்மை. கேட்டவளின் கணக்கும் உண்மை. இரண்டு மணி நேரம் பேசியும் எல்லோருக்கும் ஒத்த முடிவு வரவில்லை. சில யோசனைகள் மட்டும் எழுதிவைத்தோம். நெடுந்தூரம் வருகிறவர்கள் அதிக நாள் தங்கும்படி முகாமை நீட்டுவது, தரைவழி வரக்கூடியவர்களுக்குப் பயண நாட்களையும் செலவையும் சேர்த்துக் கொடுப்பது. எராஸ்மஸ் பிளஸ்ஸில் ரயில், பஸ் போன்ற பசுமைப் பயணத்துக்கு ஏற்கெனவே கூடுதல் உதவி உண்டு. அதையே விதியாக்க வேண்டும் என்று எங்களில் பாதிப் பேர் சொன்னோம்.

இரவு கலை நிகழ்ச்சி. பாட்டும் ஆட்டமும். ஒப்பனை, உடை, அலங்காரம் எல்லாம் இருப்பதை வைத்தே. நன்றாக இருந்தது.

ஞாயிறு

கிளம்பும் நாள். ஊருக்குப் போய் என்ன செய்யப் போகிறோம் என்று ஒவ்வொரு குழுவும் சொல்ல வேண்டும். "நான் இனி குறைவாக வாங்குவேன்" என்ற வகை உறுதிமொழிகளை ஒருங்கிணைப்பாளர்கள் ஏற்கவில்லை. எந்த ஏற்பாட்டை மாற்றப் போகிறீர்கள், யாரிடம் பேச வேண்டும், எப்போது என்று கேட்டார்கள். இந்த முகாமில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். எங்கள் கல்லூரி மெஸ்ஸில் தினமும் வாளி வாளியாகக் கொட்டுவதை வைத்து எத்தனை சுவரொட்டி எழுதியும் ஒன்றும் மாறவில்லை.

"அக்கா, நாளைக்கு யாரெல்லாம் சாப்பிட வர்றாங்கன்னு முந்தின ராத்திரியே கணக்கு எடுத்தா என்ன?" என்று எங்களில் சின்னவன் கேட்டான். யாரும் மறுக்கவில்லை. மெஸ்ஸில் சமைப்பவர்களுக்குத் தலைக்கணக்கு தெரிவதில்லை, அதனால் குத்துமதிப்பாகக் கூட்டித்தான் வைக்கிறார்கள். கணக்கெடுக்கும் படிவம் என் பொறுப்பு. வார்டனிடம் அக்கா பேசுவார். சமையல்காரர்களிடம் முதலில் போய் உட்கார்ந்து கேட்க வேண்டியது சின்னவன். ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எடை மட்டும் போடுவோம், அப்புறம் கணக்கு, அதற்கும் அப்புறம் தட்டும் கரண்டியும். ஆறு வாரம் கழித்து எட்டுக் குழுக்களும் இணையத்தில் கூடி அவரவர் எண்ணைக் காட்ட வேண்டும் என்று பேசியிருக்கிறோம். எங்கள் எண்களை இங்கேயே எழுதுகிறேன்.